கையெழுத்துப் போடாதவரின் பேத்தி

"தாத்தா மட்டும் அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா..." புதுச்சேரியில் பிள்ளையைப் பிரான்ஸுக்குப் படிக்க அனுப்பும் வீடுகளில் இந்த வார்த்தை என்றாவது ஒருநாள் வந்தே தீரும். வங்கிக்கு அலைந்துவிட்டு வந்த சாயங்காலத்தில் வரும். கோப்பில் ஒரு தாள் குறைகிறது என்று தெரிந்த இரவில் வரும். யாரும் அதை முழுதாகச் சொல்லி முடிப்பதில்லை. மீதி என்னவென்று கேட்கிறவர்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டிருந்தால் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்திருக்கும், விசா என்ற பேச்சே இருந்திருக்காது.

இந்த வார்த்தையோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. அதை எழுதிவிட வேண்டும் என்று இந்த ஆண்டுதான் தோன்றியது. புதுச்சேரியில் எங்கள் சாரம் பகுதியில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண் விசாவுக்கு விண்ணப்பிக்கிறாள். எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரும் என்பதால் கடிதங்களைப் பார்த்துத் தரச் சொல்லிக் கொண்டு வருவாள். அவள் வீட்டுக்கு எதிர்வீடு 'சொல்தா' வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டுப் பையனும் இதே செப்டம்பரில் அங்கே படிக்கப் போகிறான். அவனுக்கு வேண்டியது விமான டிக்கெட். இவளுக்கு வேண்டியது ஒரு கோப்பு. இருவரும் சிறுவயதில் ஒரே பள்ளி வேனில் போனவர்கள்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததாக நினைக்கிறோம். ஆனால் இளையவர்களிடம் கேட்டால் மங்கலாகத்தான் சொல்கிறார்கள். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு அன்றே நடந்துவிடவில்லை. 1956 மே 28 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரி மண்ணில் பிறந்து அன்றைய தினம் இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அனைவரும் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வயது வராத பிள்ளைகளுக்குப் பெற்றோர் எடுத்த முடிவே முடிவு. இங்கே பிறந்து அன்று சைகோனிலோ பாரிஸிலோ குடியிருந்தவர்களுக்கோ நேர்மாறாக, பிரெஞ்சுக் குடியுரிமை அப்படியே நீடித்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் சைகோனில் கணக்கெழுதிக் கொண்டிருந்த அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும், வீட்டில் அம்மாவோடு இருந்த தம்பி இந்தியராகவும் ஆனது இப்படித்தான்.

'பிரெஞ்சுக் குடிமக்கள்' என்றால் பழைய நகரைச் சுற்றி ஓடும் சாலையான புல்வாருக்குள் கடற்கரைப் பக்கம் வாழ்ந்த சிலர் என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு. 1946இல் வந்த சட்டம் கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளின் பிரஜைகள் அனைவரையும் குடிமக்கள் ஆக்கியது. அதற்குப் பிறகு புல்வாருக்குள் இருந்த வக்கீலும் புல்வாருக்கு வெளியே சாரத்தில் இருந்த மில் தொழிலாளியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். ஆகவே 1962இல் கையெழுத்துப் போடும் உரிமை சாரத்துக்காரருக்கும் இருந்தது. போட்டவர்கள் சில ஆயிரம் பேர். பெரும்பாலோர் போடவில்லை.

இன்னொன்றையும் இங்கே நினைக்க வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். பொதுமக்களிடம் நேராக யாரும் கேட்கவில்லை. புதுச்சேரியின் சாதாரணக் குடும்பம் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தி, "நீ எந்தப் பக்கம்?" என்று சட்டம் கேட்டது அந்த ஆறு மாதத்தில் மட்டும்தான்.

பெண்ணின் ஆயாவுக்கு அந்த ஆறு மாதம் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அவருக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள். மாமனார் மில் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் துப்பாக்கிகள் சுட்டுப் பன்னிரண்டு பேர் இறந்தார்களே, அந்தத் தலைமுறை அவர். அந்த உயிர்களுக்குப் பிறகுதான் 1937இல் எட்டு மணி நேர வேலை புதுச்சேரித் தொழிலாளிக்குச் சட்டமாகக் கிடைத்தது. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவின் பேச்சைக் கேட்க நடந்தே போன மனிதர் என்று ஆயா சொல்வார். அப்படிப்பட்ட வீட்டில் 1962இல் என்ன முடிவு எடுத்திருப்பார்கள்? "எந்த அரசாங்கம் சுட்டுச்சோ அதுங்கிட்டயே போயி நான் உன் ஆளுன்னு எழுதிக் குடுக்கறதா?" என்று மாமனார் கேட்டாராம். போதாததற்கு அந்த ஆறு மாதத்துக்குள்தான் சீனப் போர் வந்து போனது. கல்யாணத்துக்குப் போட்ட மோதிரத்தைத் தாத்தா பாதுகாப்பு நிதிக்குக் கழற்றிக் கொடுத்தார். மோதிரம் கொடுத்த அதே மாதத்தில், 'என்னைப் பிரெஞ்சுக்காரனாகவே வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

எல்லா வீட்டுக் கதையும் இவ்வளவு உறுதியானதாக இருக்காது. சேதி தெரியாமல் விட்டவர்கள் உண்டு. நிலம் போய்விடுமோ என்று பயந்தவர்களும், சர்க்கார் வேலைக்கு ஆபத்து என்று ஒதுங்கியவர்களும் உண்டு. கையெழுத்துப் போட்டவர்களையும் நான் குறை சொல்லவில்லை. இந்தோசீனத்திலும் அல்ஜீரியாவிலும் போரிட்டு உயிரோடு திரும்பியவருக்கு ஓய்வூதியம்தான் சோறு. அவர்கள் பிள்ளைகள் சார்செல் போன்ற பாரிஸ் புறநகர்களில் குளிரில் வேலைக்கு ஓடிக் குடும்பங்களை நிமிர்த்தினார்கள். எதிர்வீட்டுப் பையனின் மேசையில் கோப்பு இல்லாமல் இருப்பதற்கு அவன் தாத்தா விலை கொடுத்திருக்கிறார். இந்தப் பெண்ணின் தாத்தாவும் முடிவு எடுத்துத்தான் போடாமல் இருந்தார் என்பதே நான் சொல்ல வருவது. போடாத கையெழுத்தை மறதி என்றும் அசட்டுத்தனம் என்றும் இன்றைக்குப் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் அந்த முடிவின் செலவு பேத்தியின் மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதையும் மறைக்க முடியாது.

கோப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால் இருக்கிறது. கல்லூரிப் பட்டத்தில் இன்ஷியல் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் விரித்து எழுதப்பட்டுக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் நிற்கிறது. பிரெஞ்சுப் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஆகவே அவளைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகத்தின் கடிதம் அவளை அப்பாவின் பெயரால் அழைக்கிறது. மூன்று தாளிலும் இருப்பவர் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அபிடவிட் வாங்கி மேலே வைத்தாயிற்று.

இந்தக் கட்டம் நம்மை முதல்முறையாகத் தொந்தரவு செய்வதில்லை. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வர விரும்புகிறவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்களில் பிரெஞ்சுப் பெயர்கள் நிலைத்தது அப்படித்தான். அந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்ற வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, ஐரோப்பியர் அணியும் காலணியோடு 1873இல் நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்டவர். வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்றார். பிறகு லபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். தாழ்த்தப்பட்டவர்கள் பலருக்கு அந்தப் புதுப்பெயர் சாதியை உதறும் வழியாகவும் இருந்தது. அன்று பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்கு அது விடுதலை. இன்று இவளுக்கு அது நோட்டரி முத்திரையோடு தீர்கிற சிக்கல். ஆனாலும் கட்டம் ஒன்றேதான்: தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு வாழ்கிற மக்களிடம், உன் குடும்பத்துக்கு என்ன பெயர் என்று கேட்கிற கட்டம்.

அடுத்தது பணம். பிரான்ஸில் மாணவர் ஒருவர் மாதம் 615 யூரோவாவது கையில் வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 7,380 யூரோ. இன்றைய மதிப்பில் ஏழு லட்சத்துக்கு மேல். இந்திய வங்கிகளின் கல்விக் கடனில் சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும் உச்ச வரம்பு பொதுவாக ஏழரை லட்சம். அதாவது சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் காட்ட வேண்டிய தொகையிலேயே அந்த வரம்பு தீர்ந்துவிடுகிறது. கட்டணத்துக்கும் டிக்கெட்டுக்கும் வேண்டுமானால் வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டும். வைத்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் சாரம் கதைக்குள் வந்துவிடுகிறது. காமராஜர் சாலையில் இருக்கும் வருவாய்த்துறை வளாகத்துக்குப் புதுச்சேரி நகரம் முழுவதும் பத்திரத்துக்காக வரும். வில்லங்கச் சான்றுக்கு, பட்டாவுக்கு, நில அளவை வரைபடத்துக்கு. நிலத் தகராறில் நிற்பவர்களுக்கும் பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பிகளுக்கும் நடுவே, மே மாதங்களில், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் அப்பாக்களையும் பார்க்கலாம். முகத்தில் அடையாளம் தெரியும். மற்றவர்கள் வக்கீலோடு வருவார்கள், இவர்கள் பிள்ளையோடு வருவார்கள். வங்கி கேட்பது பதின்மூன்று ஆண்டோ முப்பது ஆண்டோ, அத்தனை காலத்துக்கும் அந்த மனையின் மேல் யாருக்கும் பாத்தியதை இல்லை என்ற சான்று. மூலப் பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் மொழிபெயர்ப்பும் சேர்த்து. கொள்ளுத்தாத்தா மில் கூலியில் வாங்கிய மனையின் பிரெஞ்சுப் பத்திரத்தை, அவர் கொள்ளுப்பேத்தி அகராதி இல்லாமல் வாசித்து அப்பாவுக்குத் தமிழில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நான்கு எல்லையும் சொல்லி, கிழக்கே ஒரு வாய்க்கால் என்று இருந்தது. அந்த வாய்க்காலின் மேல் இப்போது வீடுகள்.

இதில்தான் என்னை எப்போதும் யோசிக்க வைக்கிற விஷயம் இருக்கிறது. எங்கள் தெருவில் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள வீடுகளில் பிரெஞ்சு பேசத் தெரிந்தவர்கள் குறைவு. தூதரகத்திலிருந்து வரும் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி இவளிடம் கொண்டு வருவார்கள். இவளோ பிளஸ் டூ முடித்ததிலிருந்து சுஃப்ரேன் வீதியில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸுக்கு ஸ்கூட்டியில் போய்க் கற்றவள். 1889இல் தொடங்கிய நிறுவனம் அது. இவள் பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலை வரை எழுதித் தேறிவிட்டாள். குடியுரிமை பிறப்பால் வருகிறது, மொழி வருவதில்லை. பிரான்ஸோடு புதுச்சேரிக்கு இன்றும் உயிருள்ள ஓர் உறவு இருக்கிறது என்றால் அதை உழைத்து வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் விசா வரிசையில் நிற்கிறவர்கள்.

அந்த உழைப்புக்கு என்ன மதிப்பு என்று பார்த்தால் வேதனையாக இருக்கிறது. 2018 நவம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு திட்டம் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் திட்டம் அது. 2019இல் நடைமுறைக்கு வந்தபோது இளநிலைப் படிப்புக்குப் பிரெஞ்சு மாணவர் ஆண்டுக்கு 170 யூரோ, வெளியார் 2,770 யூரோ. முதுநிலைக்கு 243 யூரோ, 3,770 யூரோ. பிரெஞ்சு மாணவர் சங்கங்களே தெருவுக்கு வந்து எதிர்த்தன. அரசமைப்பு மன்றம் அரசு உயர்கல்வி அடிப்படையில் இலவசம் என்றும், வாங்கினாலும் மிதமாகத்தான் வாங்க வேண்டும் என்றும் 2019 அக்டோபரில் சொன்னது. ஆனாலும் 2020இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் உயர்வு செல்லும் என்றுவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்கு இருக்கும் அதிகாரத்தைக் கொண்டு விலக்கு அளிக்கின்றன. மாணவர்களில் பத்து விழுக்காடு பேர் வரை விலக்கு அளிக்கலாம் என்று விதி. எங்கள் தெருவின் கணக்கில் சொன்னால், 1962இல் எதிரெதிர் வீட்டுத் தாத்தாக்கள் எடுத்த இரண்டு முடிவுகளுக்கு இடையே இன்று முதுநிலைப் படிப்பில் ஆண்டுக்கு மூவாயிரத்து ஐந்நூறு யூரோவுக்கு மேல் வித்தியாசம் நிற்கிறது.

காலனி ஆட்சி நடத்திய நாடு, அந்த ஆட்சியின் துப்பாக்கிக்கு ஆளான குடும்பத்தின் நான்காம் தலைமுறை அதன் மொழியைக் கற்று வாசலில் வந்து நிற்கும்போது, மற்ற எவரையும் போலவே நடத்துவேன் என்கிறது. சட்டப்படி அது சரி. ஆனால் அதே நாடு 2030க்குள் முப்பதாயிரம் இந்திய மாணவர்கள் வேண்டும் என்று அதிபர் வாயால் சொல்லியும் இருக்கிறது. அந்த முப்பதாயிரத்தில் புதுச்சேரியின் பங்கு எண்ணிக்கையில் சிறியதுதான். ஆனால் கடன் யாருக்கு யார் பட்டது என்ற கேள்வி இந்த ஊரில் வேறு. அதை எழுப்ப நமக்கு உரிமை உண்டு. நம் அரசியல்வாதிகள் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 விழாவில் மாலை வைப்பதோடு நின்றுவிடாமல் இதைக் கேட்க வேண்டும்.

கோப்பின் எடை ஏறியபின் கடைசியாக வருவது மோட்டிவேஷன் லெட்டர். இதற்குப் புதுச்சேரியில் கன்சல்டன்சிகள் இருக்கின்றன. பணம் கட்டினால் கடிதமும் எழுதித் தருவார்கள். இவளுக்கும் ஒன்று வந்தது. ஈபிள் கோபுரமும் பிரான்ஸின் உயர்ந்த பண்பாடும் உலகத்தரமான கல்வியும் அதில் இருந்தன. இவள் மட்டும் இல்லை. படித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது நானே இல்ல" என்றாள்.

அவள் படிக்கப் போவது கடலோர அறிவியல். பிரான்ஸின் பிரெத்தாஞ் கடற்கரையில் ஒரு பல்கலைக்கழகம். கன்சல்டன்சிக் கடிதத்தை ஒதுக்கிவிட்டுத் தன் கடிதத்தைத் தானே உட்கார்ந்து எழுதினாள். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்குக் கல் அணைகள் கட்டியபின், தெற்கிலிருந்து வடக்கே அலையோடு நகர்ந்து வரும் மணல் தடைப்பட்டுப் போனது. கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணல்வெளி கரைந்து கருங்கற்கள் கொட்டப்பட்டன. வடக்கே மீனவக் கிராமங்களில் வீடுகள் கடலுக்குள் போயின. பின்னர் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு இறக்கியதும் கொஞ்சம் மணல் திரும்பியது. அவள் அப்பாவுக்குச் சின்ன வயதில் ஓடி விளையாடிய மணல் நினைவிருக்கிறது. அவளுக்கு நினைவு தெரிந்தபோது கல்தான். திரும்பிய மணலைக் கல்லூரி நாட்களில் பார்த்தாள். ஏன் ஓரிடத்தில் மணல் சேர்கிறது, அடுத்த இடத்தில் ஏன் அரிக்கிறது என்று கணக்குப் போடக் கற்க வேண்டும் என்று எழுதினாள். நான் இரண்டு இடத்தில் இலக்கணம் திருத்தினேன். வேறெதுவும் திருத்தத் தோன்றவில்லை.

ஒரு பத்திதான் அவளுக்கு வரவில்லை. படித்து முடித்தபின் என்ன செய்யப் போகிறாய் என்ற பத்தி. மாணவர் விசாக்களை மறுக்கும்போது அடிக்கடி சொல்லப்படும் காரணம், படிப்பைச் சாக்காக வைத்து வேறு நோக்கத்துக்கு வரக்கூடும் என்ற சந்தேகம். ஆகவே கன்சல்டன்சிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாடம் சொல்கிறார்கள்: உடனே இந்தியாவுக்குத் திரும்பி வருவேன் என்று எழுது. ஆனால் 2018 மார்ச்சில் இரு நாடுகளும் கையெழுத்திட்டு 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடிபெயர்வு உடன்பாடு, அங்கே முதுநிலை முடித்த இந்திய மாணவர் வேலை தேடித் தங்கிக்கொள்ள ஓராண்டும், பிறகு இன்னோர் ஆண்டும் அனுமதிக்கிறது. தங்கலாம் என்று உடன்பாடு சொல்கிறது, தங்க நினைக்கவே இல்லை என்று பிள்ளை எழுத வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வயதில் உண்மை பேச நினைக்கிற பிள்ளையை இதைவிடப் பெரிய தர்மசங்கடத்தில் வைக்க முடியாது.

எங்கள் ஊரிலிருந்து பாரிஸுக்கு மனுவோடு போனவர்களில் எனக்குத் தெரிந்து மிகப் பழையவர் குருவப்ப பிள்ளை. அவர் தந்தை நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமைத் தரகர். ஆளுநர் எபேர் காலத்தில் சிறையில் தள்ளப்பட்டு 1717இல் சிறையிலேயே இறந்தார். மகன் நியாயம் கேட்டுப் பிரான்ஸுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார், அரசப் பிரதிநிதி ஓர்லேயான் கோமகன் ஞானத்தந்தை ஆனார், புனித மிக்கேல் விருதோடு ஊர் திரும்பித் தந்தை வகித்த பதவியில் அமர்ந்தார். 1724இல் இறந்தும் போனார். கப்பலில் ஏறும்போது அவரிடம் யாராவது, திரும்பி வருவாயா, யாராகத் திரும்பி வருவாய் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அவருக்கே தெரிந்திருக்காது. போய்ப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். படிக்கப் போகிறவரின் நிலையும் அதுதான். போகுமுன்பே தெரிந்துவிட்டால் போவதற்கே காரணம் குறைந்துவிடுகிறது.

அவளிடம் இதைச் சொன்னேன். தெரியாததைத் தெரிந்ததாக எழுதாதே, தெரிந்ததை மட்டும் எழுது என்றேன். கடைசியில் அவள் எழுதியது இது: சோழமண்டலக் கடற்கரையில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைச் செய்யப் போதுமான பயிற்சி கிடைத்ததும் செய்ய விரும்புகிறேன். அதற்கு முன் அங்கே களப்பணியில் சில காலம் இருக்க வாய்ப்புக் கிடைத்தால் ஏற்றுக்கொள்வேன். கன்சல்டன்சியில் படித்துப் பார்த்தவர் இது ஆபத்து என்றார். அவர் தொழில் அனுபவத்தில் சொன்னது. நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பத்தி அப்படியே கோப்பில் ஏறியது.

மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இவளைப் போன்ற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை. மறுப்புக் கடிதம் வந்ததும் வாழ்க்கையே முடிந்ததாக உட்கார்ந்துவிடுகிறார்கள். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பிரெஞ்சில் எழுத வேண்டும், காரணம் காட்ட வேண்டும். அதை விசாரிக்கும் ஆணையம் இருப்பது நாந்த் நகரத்தில். அங்கும் பலிக்காவிட்டால் அதே நகரத்து நிர்வாக நீதிமன்றம். பழைய காலனிகளில் இருந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைப் பாதுகாக்கும் மையப் பதிவகமும் 1965 முதல் நாந்த்தில்தான் இயங்குகிறது. குடியுரிமையை நிரூபிக்க வேண்டிய புதுச்சேரிக் குடும்பங்கள் தாத்தாவின் பிறப்புச் சான்று கேட்டு எழுதுவது அந்த ஊருக்கு. விசா மறுக்கப்பட்ட பிள்ளைகள் நியாயம் கேட்டு எழுத வேண்டியதும் அந்த ஊருக்கே. முன்னவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிப் பழகிவிட்டார்கள். பின்னவர்கள் இனிமேல்தான் பழக வேண்டும்.

இவள் கோப்பு விசா மையத்தில் கொடுத்தாயிற்று, கைரேகையும் எடுத்தாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையே பல்கலைக்கழகத்திடம் கட்டண விலக்குக் கேட்டுத் தனியாக எழுத வேண்டும். விலக்குக் கேட்பதற்கான காரணத்தை ஒரு பக்கத்துக்குள் சொல்ல வேண்டும். தாத்தாவைப் பற்றி அதில் எழுதலாமா, அது பரிதாபம் தேடுவதாக ஆகிவிடுமா என்று முந்தாநாள் கேட்டாள். எழுது என்றேன். பரிதாபமாக எழுதாதே, நடந்ததை எழுது. மில் தொழிலாளியின் மகன், 1936, 1962, தனக்கு இருந்த உரிமையைத் தெரிந்தே வேண்டாம் என்று விட்டவர், அவர் பேத்தி பி2 தேறியவள். ஆயாவிடம் போய் மாமனார் எந்த மில், எந்த ஆண்டு சேர்ந்தார், என்ன வேலை என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். நாளை சாயங்காலம் உட்கார்ந்து பிரெஞ்சில் எழுதப் போகிறோம்.